இடைவெளிக்கான காரணம்

பொதுவான தளங்கள் என்னைப் பார்த்ததும்
ஆயுள் காப்பீடு விற்கச் சொன்னன.
கோயம்புத்தூரில் ஒரு கால்சென்டர்,
சொந்த பைக் இருந்தால் சாப்பாடு சுமக்கும் வேலை,
வீட்டிலிருந்தே மாதம் நாற்பதாயிரம்,
முதலில் ஐந்நூறு மட்டும் ஜிபே பண்ணவும்.

"சவத்த விடுளா, இதுல போய்ப் பாரு" என்று
வள்ளியூர் நெட் சென்டரில் ஜெபக்கனி தட்டிக்கொடுத்த முகவரி
காற்றாலை வேலைகளுக்கு மட்டுமே ஆனது.
உள்ளே போனதும் அது
மெகர் வைத்துப் பார்க்கத் தெரியுமா,
ஹைட்ராலிக் தெரியுமா,
எண்பது மீட்டர் ஏணியில் தலை சுற்றுமா என்றது.
பெண் பார்க்க வந்த ஏழு குடும்பமும் கேட்காத கேள்விகள்.
ஏறுவேன் என்று டிக் அடித்தேன்.
பஞ்சாயத்து டேங்கில் மிதவை சுவிட்ச் மாற்ற
நான் ஏறிய ஏணிக்குக் கைப்பிடியே கிடையாது.

கடைசிப் பெயர் கட்டாயமாம்.
என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு,
பின்னால் ஒன்றும் இல்லை.
சிவப்பு நட்சத்திரம் நகரவிடவில்லை.
அப்பா பெயரைப் போட்டேன்.
அன்றிலிருந்து சென்னையும் புனேயும்
"அன்பார்ந்த தங்கப்பழம்" என்றே எழுதுகின்றன.
பணகுடியில் வாழைத்தார் இறக்குகிற தங்கப்பழம்
"எனக்கு என்னைக்குளா வேலை தருவானுவ" என்கிறார்.

அப்புறம் அந்தப் பெட்டி.
2019 முதல் 2022 வரை இடைவெளி.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்:
மேற்படிப்பு, உடல்நலம், குடும்பம், மற்றவை.
மற்றவையைத் தொட்டதும்
நூற்றைம்பது எழுத்து கொடுத்தது.

எரிந்த செம்புக்கம்பியின் வாடை
மாதக்கணக்கில் என் சோற்றில் இருந்தது.
காவல்கிணற்றுப் பூந்தோட்டத்துப் பம்புசெட்டுகள்,
மாவு காயாத வயிற்றோடு வந்த கிரைண்டர்கள்.
ரசீது யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை,
அதனால் அந்த மூன்று வருடம் நடக்கவில்லை.
"எழுபத்து மூன்று மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.
இரண்டுதான் திரும்பி வந்தன."
எழுத்து மிச்சம் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

தூரம் என்கிற பட்டையை விரலால் இழுத்தேன்.
ஜாம்நகர் போயிற்று, தாராபுரம் போயிற்று,
கயத்தாறும் போயிற்று.
ஐந்து கிலோமீட்டருக்குள் ஒன்றே ஒன்று நின்றது:
தொழில்நுட்ப உதவியாளர், 1.4 கி.மீ.
வரைபடத்தில் குத்தூசி விழுந்த இடம்
மாடியில் துணி காயப்போடுகையில்
என் இடப்பக்கம் நிற்கிற நாற்பத்தேழாம் நம்பர்.
எனக்கும் அதற்கும் நடுவில்
புனேயில் ஓர் ஆபீஸ்.

இருபத்தோரு நாள் "பரிசீலனையில்."
ஆனி போய் ஆடி வந்தது.
கொடியில் கிளிப் நிற்காத காற்று.
வரிசையில் எல்லாம் சுற்ற, நாற்பத்தேழு மட்டும்
காற்றைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம்
பல்லைக் கடித்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.
காலையில் செய்திப் பெட்டியில் எழுதினேன்:
"உங்கள் 47 திரும்புகையில் சத்தம் போடுகிறது.
யா மோட்டாரின் பிரேக்கைப் பார்க்கவும்.
இது விண்ணப்பம் இல்லை."

நாலாம் நாள் உடைமரங்களுக்கு ஊடே
ஒரு வெள்ளை ஜீப் போனது.
47 நின்றது.
மறுநாள் சத்தமில்லாமல் சுற்றியது.
என் நிலை: பரிசீலனையில்.

சாயங்காலம் ஒரு பதில்.
அன்பார்ந்த இல்லை, தங்கப்பழம் இல்லை.
"இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"
சிவப்பு நட்சத்திரம் இல்லாத கேள்வி.
பெட்டி எழுத்தை எண்ணவில்லை,
கீழே நீண்டுகொண்டே போனது.

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது.
"துணி காயப்போடும்போது" என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
மறுபடி அதையே டைப் செய்தேன்.